திடப்படுத்தலுக்குப் பின் யார் துணை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் தென்மாவட்டத்து ஆலய வளாகங்களில் விடுமுறை வேதாகமப் பள்ளிகள் கலகலப்பாக நடக்கின்றன. வெயிலைப் பொருட்படுத்தாமல் பாடம் நடத்தும் வாலிபர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுத்ததோடு விசுவாசத்தை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தாயிற்று என்று சபைகள் நிறைவடைந்துவிடுவது எனக்குக் கவலையளிக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தம் விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் ஆராதனை) பெறவிருக்கும் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கற்று, வெள்ளுடை அணிந்து பேராயர் முன் முழந்தாளிடுகிறார்கள். அவர் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். அதன்பின் பிள்ளை கல்லூரிக்கென்று சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விட்டால், அங்கே எந்த ஆலயத்துக்குப் போகிறாய், என்ன குழப்பத்தில் இருக்கிறாய் என்று விசாரிக்கச் சபையில் ஒருவரும் இருப்பதில்லை. விசுவாசம் சோதிக்கப்படும் வயதில்தான் பிள்ளை தனித்து விடப்படுகிறது.

நண்பனுக்காக இரவெல்லாம் ஜெபித்தும் அவன் பிழைக்கவில்லையே, ஏன் என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார். அவிசுவாசமாகப் பேசாதே என்ற அதட்டலே அவருக்குக் கிடைத்த பதில். சில மாதங்களில் அவர் ஆலயத்துக்கு வருவதும் நின்றது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரிடமே கேட்கும் 13ஆம் சங்கீதத்தை அவரோடு உட்கார்ந்து வாசிக்க ஒரு மூத்தவர் இருந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நம் முன்னோர் இப்படி விட்டுவிடவில்லை. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த வேதநாயகத்தை, ஏறத்தாழ 12 வயதில், அவர் தகப்பனாரின் சம்மதத்தோடு தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார் மிஷனரி சுவார்ட்ஸ். வேதநாயக சாஸ்திரியாராக அவர் இயற்றிய கீர்த்தனைகளை இன்றும் நாம் பாடிக்கொண்டிருக்கிறோம். வேதாகமத்தில் வரும் இளம் ஊழியர் தீமோத்தேயுவுக்கும் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் வீட்டில் இட்ட அஸ்திவாரம் இருந்தது. அதன்மேல் அப்போஸ்தலர் பவுல் அவரை லீஸ்திராவிலிருந்து தம்முடன் கூட்டிச்சென்று, பயணத்திலும் பாடுகளிலும் பக்கத்தில் வைத்துப் பழக்கினார். பாட்டிமார் நடத்திய மாலை நேரக் குடும்ப ஜெபம் நம் வீடுகளில் அருகிவரும் இந்நாளில், சபையின் பொறுப்பு இருமடங்காகிறது.

ஆகவே, திடப்படுத்தல் பெறும் ஒவ்வொருவருக்கும் சபையின் மூத்த உறுப்பினர் ஒருவரைத் துணையாக ஏற்படுத்துமாறு சேகர (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) குருமாரையும் சேகரக் குழுவினரையும் வேண்டுகிறேன். வேதத்தை மணிக்கணக்கில் பேச வல்லவர்தான் வேண்டுமென்பதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை, கடை நடத்துபவர், செவிலியர் என, பொறுமையாகக் கேட்கவும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் துணிந்தவர் யாரும் போதும். பெற்றோர் அறியாமலோ தனியறையிலோ இச்சந்திப்புகள் நடக்கக் கூடாது. ஆலய முற்றத்திலோ வீட்டுத் திண்ணையிலோ பலர் பார்வையில் நடக்கட்டும். இந்த ஒழுங்கில் தளர்வே கூடாது. பிள்ளை வெளியூர் சென்றால், அந்த மூத்தவரே அவ்வூர்ச் சபையாரிடம் பேசி அறிமுகப்படுத்திவைத்து, வாரம் ஒருமுறையாவது தொலைபேசியில் நலம் விசாரிக்க வேண்டும். அடுத்த திடப்படுத்தல் ஆராதனைக்குப் பெயர் சேர்க்கும்போதே, ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் துணையாளரின் பெயரையும் எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை