பை மட்டும் கொடுத்தால் தானியம் காப்பாற்றப்படாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எளிய உழவர் குடும்பங்களின் உணவுப் பாதுகாப்பு பற்றிய கட்டுரைகளில் விதை, உரம், பாசனம் மூன்றும் தவறாமல் வந்துவிடுகின்றன. விளைந்தது வீடு வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்குக் கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சுகிறது. திட்டங்களும் பெரும்பாலும் இப்படித்தான். 'அறுவடைக்குப் பிந்தைய பயிற்சி' என்று ஒரு பிற்பகல் கூட்டம் நடக்கும். ஆளுக்கு இரண்டு காற்றுப்புகாப் பைகள் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். பையில் குறையில்லை. உலர்த்தக் கற்றுக்கொடுக்காமல் பையை மட்டும் கொடுப்பது சில இடங்களில் கொடுக்காததை விடக் கேடு. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

ஐந்து பேர் உள்ள குடும்பம், தலைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2 கிலோ, ஆண்டுக்கு 730 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கை வண்டும் பூஞ்சணமும் எலியும் கொண்டுபோனால் 73 கிலோ, அதாவது 36 நாள் சாப்பாடு. இந்த 36 நாளும் ஆண்டு முழுவதும் பரவி வருவதில்லை. அடுத்த அறுவடைக்கு முந்தைய வாரங்களில், சந்தையில் தானியம் விலையேறி நிற்கும்போது, மொத்தமாக வந்து விழுகின்றன. வண்டுக்குப் பயந்து அறுவடை முடிந்த கையோடு மலிவாக விற்றுவிட்டு, பின்னால் அதையே கூடுதல் விலைக்கு வாங்கும் குடும்பங்களின் இழப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இந்த மூன்றடுக்குக் காற்றுப்புகாப் பையை 1980களின் பிற்பகுதியில் கேமரூன் நாட்டில் தட்டைப்பயறுக்காக உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள். வெளியே நெய்த சாக்கு, உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் உறைகள். உள்ளே மாட்டிக்கொண்ட வண்டு மூச்சுவிட்டே பையிலிருக்கும் ஆக்சிஜனைத் தீர்க்கிறது. பிறகு தின்ன முடியாமல், உடலுக்கு வேண்டிய நீரை உண்டாக்கிக்கொள்ள முடியாமல் வற்றிச் சாகிறது. மருந்தே தேவையில்லை. ஆனால் இந்த உறை காற்றைத் தடுப்பதுபோலவே ஈரத்தையும் தடுக்கும். காய்ந்ததைப் போட்டால் மழைக்காலத்திலும் காய்ந்தே இருக்கும். ஈரத்தோடு போட்டால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. கோணிச்சாக்கில் அரைகுறையாகக் காய்ந்த மக்காச்சோளம் நல்ல வெயில் நாட்களில் மெல்ல உலர்ந்து தப்பிக்கக்கூடும். இந்தப் பையில் அதற்கு இடமில்லை. புளித்த வாடை வரும், விதை முளைப்பிழக்கும், திறந்ததும் பூஞ்சணம் கிளம்பும். 'பை சரியில்லை' என்று ஊரே அதை ஓரங்கட்டுவது இப்படித்தான்.

எவ்வளவு காய வேண்டும்? உணவுக்கான நெல், மக்காச்சோளம் 13 சதவீத ஈரப்பதத்துக்கு வர வேண்டும். விதைக்கென்றால் 12 அல்லது அதற்கும் கீழே, பயறு விதைக்கு 9 சதவீதம், நிலக்கடலைப் பருப்புக்கு 7 சதவீதம். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் சேமிப்புக் காலம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதையியலில் பழகிய கணக்கு. கடித்துப் பார்ப்பதும் கையில் உருட்டிக் கேட்பதும் அனுபவசாலிகளையே ஏமாற்றும். ஈரப்பதமானி ஊருக்கு ஒன்று போதும், தானியத்துக்கேற்ற அளவீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அது இல்லாத இடத்தில் உப்புச் சோதனை உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பாகம் தானியம், அதோடு வெயிலில் காயவைத்து ஆறிய பொடியுப்பு இரண்டு மூன்று கரண்டி. மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் விட வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15க்குக் கீழே என்று மட்டுமே பொருள். 12க்கு வந்துவிட்டது என்று பொருளல்ல. பயிற்சிகளில் விட்டுப்போவது இந்த இரண்டாம் பாதிதான். உப்பு ஒட்டாத பிறகும் விதைத் தானியத்தை இன்னும் இரண்டு வெயிலாவது காட்ட வேண்டும்.

வெறுந்தரையில் உலர்த்தினால் மண்ணின் ஈரமும் பூஞ்சண வித்தும் ஏறும். தார்ப்பாய் வேண்டும். நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் 100 கிலோ மக்காச்சோளத்துக்கு மூன்றரை சதுர மீட்டர் இடம் பிடிக்கும். மேலே சொன்ன குடும்பத்தின் ஓராண்டுத் தேவை ஏறக்குறைய முழுவதும் ஐந்துக்கு ஐந்து மீட்டர் தார்ப்பாய் ஒன்றில் அடங்கிவிடும். அரை மணிக்கொரு முறை கிளறிவிட வேண்டும். பொழுது சாயும் முன் குவித்து மூடாவிட்டால் பகலில் போன ஈரம் இரவில் திரும்பிவிடும். விதைக்கான தானியத்தை உச்சிவெயிலில் கொதிக்கும் சிமெண்ட் களத்தில் போடக்கூடாது. 40 டிகிரியைத் தாண்டும் சூடு முளைப்பைக் கெடுக்கும். சூடு ஆறாமல் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும்.

ஏன் குறையாகக் காயவைக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். 18 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ, 13க்கு வரும்போது 94 கிலோ சொச்சம்தான் நிற்கும். எடைக்கு மட்டுமே காசு தரும் வியாபாரிக்கு விற்பவர் அந்த ஆறு கிலோவை எதற்கு இழக்கப்போகிறார்? விற்கும் பங்குக்கு அந்த நியாயம் இருக்கட்டும். வீட்டுக்கு வைக்கும் பங்கை அறுவடையன்றே தனியாகப் பிரித்து உலர்த்தச் சொல்லிக்கொடுப்பதே வழி.

நிலக்கடலைக்குத் தனி எச்சரிக்கை. உடைக்க எளிதாக இருக்கட்டும் என்று காய்ந்த காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம், பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நச்சுக்கு நேராக வழிவிடுவது. இந்த நச்சு வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, துளைபட்டது ஆகியவற்றைக் கையால் பொறுக்கித் தள்ளினாலே பெரும்பகுதி குறையும். தள்ளியதைக் கறவை மாட்டுக்குப் போட்டால் பாலில் திரும்பி வரும். விதைக்கடலையைக் காயாகவே வைத்திருந்து விதைப்புக்குச் சற்று முன்பு உடைப்பது நல்லது.

பையைக் கட்டும் முறையிலும் தவறுகள் நடக்கின்றன. உறையில் காற்றை நிரப்பி ஓட்டை பார்ப்பதில்லை. குத்தும் காம்பு, தட்டைகளைத் தூற்றி எடுப்பதில்லை. இரண்டு உறைகளையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒவ்வோர் உறையையும் முறுக்கி, மடித்து, தனித்தனியே கட்ட வேண்டும். அன்றாடம் திறந்து அள்ளும் பையில் ஆக்சிஜன் குறையவே குறையாது. ஆகவே ஒரு பையைத் தீர்த்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். பை கிடைக்காதவர்கள், விளிம்பு வரை நிரப்பி இறுக மூடிய, பூச்சிமருந்து வாசமே அறியாத பிளாஸ்டிக் கேனைப் பயன்படுத்தலாம். சிறிதளவு பயறென்றால் கிலோவுக்கு 5 மில்லி சமையல் எண்ணெய் பூசினாலும் வண்டு முட்டை பிழைக்காது. இரும்புக் கலனுக்குள் மெழுகுவத்தி ஏற்றி ஆக்சிஜனைத் தீர்ப்பதாகச் சொல்வதை நம்பி இருந்துவிட வேண்டாம். ஆக்சிஜன் 16 சதவீதம் இருக்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும், வண்டு சாக அது 5க்கும் கீழே இறங்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்குள், வண்டைக் கொல்லப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கூடவே கூடாது, ஆளைக் கொல்லும்.

ஊர் விதைச்சேமிப்பு நடத்தும் குழுக்களுக்கு ஒன்று: கடனாகப் பெற்றவர் திருப்பித் தரும் விதையை ஏற்கனவே இருப்பதோடு கலக்காதீர்கள். ஈரம் பார்த்து, பெயரும் தேதியும் எழுதித் தனியே வையுங்கள். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஏழாம் நாள் முளைத்ததை எண்ணிப் பாருங்கள். 80க்குக் குறைந்தால் அந்த அளவுக்கு விதையைக் கூட்ட வேண்டும். 60க்கும் கீழென்றால் வேறு விதை தேட நேரம் இருக்கும்.

திட்டம் வகுப்போருக்கு எங்கள் கோரிக்கை: பயிற்சி நிதியாண்டு முடிவில் அல்ல, அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு நடக்கட்டும். உலர்த்துவதும் சேமிப்பதும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும்போது, அவர்கள் வயலில் நிற்கும் நேரத்தில் கூட்டம் வைத்துப் பயனில்லை. தார்ப்பாயை முதலில் கொடுங்கள், பையை அதன் பிறகு. எத்தனை பை வழங்கினோம் என்று அறிக்கை எழுதுவதற்குப் பதில், ஆறு மாதம் கழித்துப் போய் வீட்டுக்கு ஒரு பையைத் திறந்து, 100 மணியில் எத்தனை துளைபட்டிருக்கிறது, எத்தனை முளைக்கிறது என்று எண்ணி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தானியச் சேமிப்புப் பயிற்றுநர்கள் சிலர்