கூலிபாளையம் குளத்தில் உங்கப்பா

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுவது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டு முடிப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. உங்கப்பாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச முடியுமா? அதனால்தான் உன் பழைய நோட்டில் தாள் கிழித்து எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியும்.

நீ தீபாவளிக்கு ஜெர்மனியிலிருந்து அனுப்பிய பைனாகுலர் இரண்டு மாதமாக பீரோ மேல் டப்பாவோடு கிடந்தது. "இதை வெச்சு எதிர்வீட்டையா பாக்கறது" என்று உங்கப்பா கேலி பேசிக்கொண்டிருந்தார். போன ஞாயிறு விடியற்காலை நானே அதை எடுத்துக் கூடையில் வைத்து, ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டு, "கூலிபாளையம் குளத்துக்குப் போலாங்க" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தச் சாக்கடையில என்ன இருக்குது?"

இப்போது அது நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம். பல நூறு வருஷம் முன்னால் அந்தக் குளத்தைச் சீர் செய்த அரசனின் பெயராம் அது. நமக்கு என்றைக்கும் கூலிபாளையம் குளம்தான். 2022இல் தமிழ்நாட்டின் பதினேழாவது பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். ஈரானில் ராம்சர் என்று ஓர் ஊர், அங்கே 1971இல் சதுப்பு நிலங்களைக் காப்பதற்கு நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தம். திருப்பூர்க் குளத்துக்கு ஈரான் ஊர் பேரில் பெருமை! ஊத்துக்குளி ரோட்டில் எத்தனை தடவை போயிருப்போம், ஒரு தடவையாவது கரையேறிப் பார்த்திருப்போமா? சுக்ரீஸ்வரர் கோயிலுக்குப் போய், காதறுந்த நந்தியைக் கும்பிட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவோம். குளம் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம், அவ்வளவுதான்.

உங்கப்பா வரமாட்டேன் என்றதற்குக் காரணம் நாற்றமில்லை. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும்.

நீ எட்டாவது படித்த வருஷம் அது. 2011 ஜனவரி கடைசியில் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது, அந்த வசதி செய்த பிறகுதான் திறக்கலாம் என்று. ஒரே வாரத்தில் ஊரே ஊமையான மாதிரி இருந்தது. ஒடிசா, பீகார் பையன்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றார்கள். டையிங் மாஸ்டராக இருந்த உங்கப்பா நாலு மாதம் வீட்டில் இருந்தார். பனியன் கம்பெனியில் என் செக்கிங் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஜூனில் உன்னை இங்கிலீஷ் மீடியத்திலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். அன்றைக்குச் சாயங்காலம் வாசல்படியில் நின்று நீ அவரிடம் ஒன்று கேட்டாய். "தப்புன்னு தெரிஞ்சும் ஏம்ப்பா ஆத்துல விட்டீங்க?" அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நீயும் அதன் பிறகு கேட்கவில்லை. நீ மறந்துவிட்டாய் என்றுதான் நினைக்கிறேன். அவர் மறக்கவில்லை.

சரி, குளத்துக்கு வருகிறேன். கடைசியில், ஊத்துக்குளி போய் வெண்ணெய் வாங்கி வரலாம் என்று ஆசை காட்டித்தான் வண்டியை எடுக்க வைத்தேன். போகிற வழியில் நிறுத்தச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார்.

கரைமேல் ஏறினால் முதலில் கண்ணில் படுவது குப்பைதான், பொய் சொல்ல மாட்டேன். பாலித்தீன் பை, பாட்டில், கரையோரப் புதரில் மாட்டிக்கொண்ட கட்டிங் வேஸ்ட் துணி. குளத்துக்குத் தண்ணி கொண்டுவரும் நல்லாற்றில் மழைத் தண்ணி வரும்போது ஊரில் உள்ளதெல்லாம் சேர்ந்து வருகிறது. அப்புறம் கொஞ்சம் கண்ணைத் தூக்கினால், அடேயப்பா! தண்ணி நடுவே கறுப்புக் கறுப்பாக நாமக்கோழிகள், நெற்றியில் வெள்ளை நாமம். ஓரத்துச் சேற்றில் சிவப்புக் குச்சிக் கால்களோடு பவளக்காலிகள். பட்ட மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துத் துணி காயப்போட்ட மாதிரி நிற்கின்றன. முக்குளிப்பான் ஒன்று இதோ இருக்கிறது என்று பார்த்தால் இல்லை, பத்தடி தள்ளி மேலே வருகிறது.

அங்கே நாலைந்து பிள்ளைகள் முக்காலி போட்ட பெரிய தொலைநோக்கியோடு நின்றிருந்தார்கள். காலேஜ் முடித்த வயசு இருக்கும். 190க்கும் மேற்பட்ட பறவை வகைகளை இந்தக் குளத்தில் கணக்கெடுத்திருக்கிறார்களாம். ஒரு பையன் சேற்றைக் காட்டி, "அங்கே உள்ளான் பறவை இருக்குதுங்கம்மா, தெரியுதுங்களா?" என்றான். உங்கப்பா பைனாகுலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சேறுதான் தெரிகிறது என்றார். எனக்கு வெறும் கண்ணிலேயே தெரிந்தது. சேற்று நிறத்து முதுகில் பொரி தூவின மாதிரி புள்ளி. "மூணு இருக்குது தம்பி, ரெண்டு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தக் கட்டைக்குப் பின்னாடி." அவன் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு அசந்துபோனான். பொரி உள்ளானாம். இருபத்திரண்டு வருஷம் வெள்ளை பனியனில் ஊசி ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடின கண்ணு சாமி இது. கம்பெனியில் என்னை ஒரு நாள் இப்படிப் பாராட்டியிருப்பார்களா?

உங்கப்பாவுக்கு அதில் ரோஷம் வந்துவிட்டது போல. பேசாமல் தள்ளிப் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். கருவேல மரத்தில் மீன்கொத்தி. தலை செங்கல் நிறம், நெஞ்சு வெள்ளை, முதுகு பளீரென்று நீலம். பைனாகுலரை என்னிடம் தரவே இல்லை. "டர்க்காய்ஸ்" என்றார். "இது டர்க்காய்ஸ் ப்ளூ. இந்த நிறத்தை எடுக்க என்ன பாடுபட்டிருக்கேன் தெரியுமா? லேசுல ஒட்டாது. மத்த சாயம் 60 டிகிரில ஏறிடும், இதுக்கு 80 வேணும். ஒட்டினாலும் ஒரு பக்கம் அடர்த்தியா ஒரு பக்கம் வெளுப்பா நிக்கும். எத்தனை லாட் திரும்பி வந்திருக்குது!" பறவை அதற்குள் தண்ணியில் பாய்ந்து எழுந்து, அதே கொம்பில் வந்து உட்கார்ந்தது. "பாரு, ஒரு திட்டு இல்ல."

அதன் பிறகு அவர் பறவையைப் பறவையாகவே பார்க்கவில்லை. எல்லாம் ஷேடுதான். நீலத் தாழைக்கோழி ராயல் ப்ளூ, அரிவாள் மூக்கன் ஆஃப் ஒயிட், ஆள்காட்டியின் முதுகு ப்ரான்ஸ். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டான்.

டீ குடிக்கக் கரையில் உட்கார்ந்தோம். அவராகவே ஆரம்பித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"சாயம் கண்ணுக்குத் தெரியும். ஆறு செவப்பா ஓடுது, நீலமா ஓடுதுன்னு அதைத்தான் எல்லாரும் திட்டினாங்க. அந்த நிறத்தைக்கூட எடுத்துடலாம், எடுத்தும் விட்டோம். கெடுத்தது உப்பு. கறுப்பு, நேவி மாதிரி அடர் கலருக்கு லிட்டர் தண்ணிக்கு 80 கிராம் உப்பு போடுவோம். அது துணியில நிக்காது, அப்படியே தண்ணியோட போயிரும். நிறம் எடுத்த தண்ணியப் பாத்தா சுத்தமா இருக்கும். அதுல உப்பு இருக்கறது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததனால நாங்களும் தெரியாத மாதிரியே இருந்துட்டோம்." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த நல்லாறும் நொய்யல்லதான் போய்ச் சேருது. கீழ ஒரத்துப்பாளையத்துல 1992இல் அணை கட்டினாங்க. நெல்லுக்கும் கரும்புக்கும்னு கட்டின அணையில நம்ம ஊர் உப்புத் தண்ணி நின்னுச்சு. எங்க மாமன் தோட்டம் அந்தப் பக்கம்தான. கெணத்துத் தண்ணிய மாடு குடிக்கலன்னு மாமன் சொன்னப்போ, நான் அவங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் டம்ளரைக் கழுவினேன்.

கிளம்பும்போதுதான் அந்தப் பிள்ளைகள் சத்தம் போடாமல் கையாட்டிக் கூப்பிட்டார்கள். தண்ணி வற்றின பக்கம், புல்லில், வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு, சாந்து இட்ட மாதிரி அவ்வளவு துல்லியம். மங்கோலியா, திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலைக்கு மேலாகப் பறந்து தெற்கே வருமாம். அந்த உயரத்தில் காற்றே பாதி இருக்காதே என்று கேட்டேன். அந்த வாத்தின் ரத்தத்துக்குக் கொஞ்சம் காற்றிலேயே வேண்டிய பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளும் சக்தி உண்டு என்றான் பையன். அவ்வளவு தூரம் வந்து, இங்கே நம்ம எருமை மாடு மாதிரி குனிந்து புல் மேய்ந்துகொண்டிருந்தன.

பயப்படாதே, வாத்து வருகிறது நீ வரவில்லையே என்று எழுத மாட்டேன். உங்கப்பா அப்படி ஒரு வசனம் பேச வாயெடுத்தார். வாத்துக்கு விசாவும் வேண்டாம், டிக்கெட் காசும் வேண்டாம், சும்மா இருங்க என்று அடக்கிவிட்டேன்.

ஊத்துக்குளி போய் வெண்ணெய் இரண்டு கிலோ வாங்கினோம். முருங்கைக்கீரை போட்டு உருக்கி, பாட்டிலில் ஊற்றிவிட்டேன். உன் சிநேகிதி வரும் மாதம் ஊருக்கு வந்து திரும்பும்போது கொடுத்து விடுகிறேன். மூடியை டேப் சுற்றி ஒட்டச் சொல்லி உங்கப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் இப்போது பழைய ரெசிபி நோட்டை எடுத்துத் தூசி தட்டி, சாயக் கணக்கு எழுதின பக்கத்துக்குப் பின்பக்கம் பறவை எழுதுகிறார். அடுத்த ஞாயிறும் போகிறோம். நீ ஒன்று செய். அவர் சொன்னதை நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. போன் பண்ணும்போது அம்மாவிடம் கொடுங்க என்று உடனே சொல்லாமல், வாத்து எத்தனை இருந்தது என்று மட்டும் கேள். பதினொன்று என்பார். நம்பாதே, பன்னிரண்டு. ஒன்று புல்லுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது.

அம்மா