பூக்கட்டிப் பார்ப்பது போலவா?

தாண்டிக்குடி
12 டிசம்பர்

அன்புள்ள செல்வி,

பேத்திக்குப் பல் முளைத்த சேதியை அண்ணிக்கும் வாசித்துக் காட்டினேன். வெகுநாள் கழித்து அன்றுதான் சிரித்தார். உனக்குப் பதில் எழுதத் தாமதமானதும் அவரால்தான்.

அண்ணிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். மாதவிடாய் நின்று எட்டு வருடம் கழித்து உதிரம் கண்டிருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கும் காலம், கூலி போய்விடும் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. சுகாதாரப் பணிக்காக நீயும் நானும் சேலையும் பையுமாக ஏறி இறங்காத வீடு இந்த மலையில் உண்டா? ஊரார் வீட்டிலெல்லாம் கேட்ட கேள்வியை என் வீட்டில் கேட்காமல் விட்டேன். அது என்னை இன்னும் அறுக்கிறது.

உன் தங்கை பிரசவத்துக்கு இரண்டு பேரும் காவலிருந்தோமே, கீழே அந்த மருத்துவமனையில்தான் பார்க்கிறோம். இப்போது அங்கே கதிர்வீச்சுக் கருவி இருக்கிறது. வழக்கமான சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாளாக 25 முறை வெளிக் கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, அப்புறம் உள்ளேயே கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. கூடவே மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். அங்கே ஓர் ஆய்வு நடக்கிறதாம். ஒவ்வொரு முறையும் கொடுக்கும் அளவைச் சற்றுக் கூட்டி, நாட்களைக் குறைத்தால் அதே பலன் கிடைக்குமா, குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் தொல்லை கூடுமா என்று பார்க்கிறார்கள். விருப்பமிருந்தால் சேரலாம் என்றார்.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "ஏழை பாழைகளை வைத்துச் சோதித்துப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். மருத்துவர் கோபப்படவில்லை. நான் அண்ணனை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன்: "அண்ணா, இது நம் ஊருக்காகவே கேட்ட கேள்வி. விடியுமுன் முதல் பஸ், வத்தலக்குண்டில் இறங்கி அடுத்த பஸ், திரும்ப இருட்டிவிடும். ஒரு நாள் சிகிச்சைக்கு ஒரு நாள் கூலி. பாதியில் நிறுத்திக்கொண்டு வீட்டில் படுத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன், நீயும் பார்த்திருக்கிறாய். அவர்களுக்கு மருந்து இல்லாமல் போகவில்லை, நாட்கள்தான் கட்டுப்படியாகவில்லை. பெருநகரத்து மருத்துவமனைகளில் மட்டும் ஆய்வு நடந்தால் இந்தக் கணக்கு யாருக்குத் தெரியும்?"

ஒப்புதல் படிவத்தை ஒரு பெண் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். முக்கால் மணி நேரமாயிற்று. இரண்டு முறைகளில் எது தனக்கு என்று அண்ணி கேட்டார். மருத்துவர் தேர்ந்தெடுக்க மாட்டார், கணினிதான் ஒதுக்கும் என்றாள். அண்ணி சற்று யோசித்து, "கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது போலவா?" என்றார். இதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க மாட்டேன், செல்வி. நடுவில் வேண்டாமென்றால் விட்டுவிடுவீர்களா என்று அடுத்ததாகக் கேட்டார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது என்று அந்தப் பெண் சொன்னாள். அப்புறம்தான் அண்ணி கைநாட்டு வைத்தார். சாட்சிக் கையெழுத்துக்கு நான் பேனாவை எடுத்தேன். உறவினர் கூடாது, ஆய்வோடும் சம்பந்தமில்லாத ஆள்தான் வேண்டும் என்றார்கள். பக்கத்து அறை நோயாளிக்குத் துணையிருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வாசித்தது முழுவதையும் உடனிருந்து கேட்டிருந்தார். அவர்தான் போட்டார்.

அன்றிரவு பஸ்ஸில் அம்பிளிக்கை ஆய்வு நினைவுக்கு வந்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊர்ப் பகுதிகளைப் பிரித்து, 57-இல் 30 முதல் 59 வயதுப் பெண்களைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்தார்களே, அது. பரிசோதித்தவர்கள் செவிலியர். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். அங்கேயே உறையவைத்துச் சரிசெய்யவும் அவர்களே பழகினார்கள். 2000 முதல் 2003 வரை 31,343 பேரைப் பார்த்தார்கள். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: நோய் 25 விழுக்காடும், சாவு 35 விழுக்காடும் குறைவு. அதைப் படித்தபோது நமக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

ஆனால் மற்ற 57 பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும்தான். அந்த வழக்கம் என்னவென்று உனக்கும் எனக்கும் தெரியும். அங்கே 30,958 பெண்கள். அவர்களோடு ஒப்பிட்டுத்தான் அந்த 35 விழுக்காடு. பூக்கட்டியதில் அவர்களுக்கு விழுந்தது வெறும் பொட்டலம். அப்போது கிராமங்களில் பரிசோதனையே இல்லை, ஆய்வு யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்பார்கள். அது சரிதான். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. அண்ணி சேர்ந்ததில் எந்தப் பக்கம் விழுந்தாலும் சிகிச்சை உண்டு. அதனால்தான் துணிந்து சரியென்றேன்.

அண்ணிக்கு விழுந்தது பழைய முறை, 25 நாள். அண்ணன் முகம் வாடிவிட்டது. அண்ணி, "எனக்கு நாள் கூடினால் என்ன, கணக்கில் நானும்தானே இருக்கிறேன்" என்றார். பஸ் செலவைத் தருகிறார்கள். கூலி இழப்புக்கு ஒன்றும் இல்லை. அதையும் யாராவது படிவத்தில் எழுதவைக்க வேண்டும், நான் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இன்றோடு ஒன்பது நாள் முடிந்தது. வயிற்றுப்போக்கு இருக்கிறது, சோறு இறங்குகிறது. பொங்கலுக்குள் வெளிக் கதிர்வீச்சு முடிந்துவிடும். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் நீ வந்து அவருடன் போய்வர முடியுமா? எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முடியுமென்றால் ஒரு வரி எழுது, வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் அண்ணனை நிற்கச் சொல்கிறேன். மலைவாழை ஒரு சீப்பு அவரிடம் கொடுத்துவிடுகிறேன், பேத்திக்கு மசித்துக் கொடு.

அன்புடன்,
சரசு