இழப்பு எங்கே என்று பார்

செங்கோட்டை,
ஆனி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஆன்டெனா வரைபடங்களை அச்செடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். 300 கிகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஒரே ஒரு மில்லிமீட்டர்! நான் மைக்ரோவேவ் டவரில் பராமரித்த 6 கிகாஹெர்ட்ஸுக்கு ஐந்து சென்டிமீட்டர். என் மகள் செய்யும் ஆன்டெனா கடுகைவிடச் சிறியது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கற்றையின் கூர்மையை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறாய். செயல்திறன், அதாவது கொடுத்த ஆற்றலில் எவ்வளவு வெளியேறுகிறது என்பது, கடைசிப் பக்கத்தில், அதுவும் கணினிக் கணிப்பாக மட்டும். அதை முன்னுக்குக் கொண்டுவா. வெளியேறிய ஆற்றல் எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் கூர்மை சொல்லும். வெளியே வராமலே வெப்பமாகிப் போனதைச் சொல்லாது. எங்களுக்கு வாட் கணக்கில் கிடைத்தது, சிறிது வீணானாலும் அடுத்த நிலையத்துக்கு எட்டிவிடும். உனக்குக் கிடைப்பது மில்லிவாட். 1 டெராஹெர்ட்ஸை, அதாவது 1000 கிகாஹெர்ட்ஸை, நெருங்கினால் பல நேரம் மைக்ரோவாட். அதில் வீணாக்க என்ன இருக்கிறது?

முதலில் ஆன்டெனா உட்கார்ந்திருக்கும் சிலிக்கன் சில்லைப் பார். மின்புலத்தைத் தன்னுள் இழுக்கும் அளவான மின்கடத்தா மாறிலி அதற்கு 11.7 அளவில் (காற்றுக்கு 1) இருப்பதால், மேலே பதித்த இருமுனை ஆன்டெனா காற்றை விட்டுவிட்டுச் சில்லுக்குள்ளேயே பெரும்பகுதியைப் பாய்ச்சும். அது உள்ளே முட்டிமோதிப் பக்கவாட்டில் ஓடிவிடும். அடியில் சிலிக்கன் வில்லை (லென்ஸ்) வைத்திருக்கிறாய், மிக நல்லது. ஆனால் வில்லையிலிருந்து காற்றுக்கு வரும் விளிம்பில், நேர்குத்தாக விழுவதிலேயே சுமார் 30 சதவீதம் திரும்பிவிடும். அதைத் தடுக்கும் கால் அலைநீளத் தடிமன் பூச்சு பூசினாயா? படத்தில் காணோம்.

பிறகு உலோகம். 1 டெராஹெர்ட்ஸில் தங்கத்தின் மேல்பரப்பில் சுமார் 80 நானோமீட்டர் ஆழத்துக்குள்தான் மின்னோட்டம் ஓடுகிறது. பரப்பில் அந்த அளவுக்கு மேடுபள்ளம் இருந்தாலே இழப்பு ஏறும். நீ சொல்லாதவரை மென்பொருள் அதை வழுவழுப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

ஈரத்தைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வது? ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் மாதங்களில், ஆன்டெனாவுக்கு அலையைக் கொண்டுபோகும் உலோக அலைவழிக்குழாய்க்குள் உலர்ந்த காற்றை அழுத்தத்தில் வைத்திருப்போம். ஈரத்தை உறிஞ்சும் நீல நிற சிலிக்கா ஜெல் ஓரத்திலிருந்து மெல்ல இளஞ்சிவப்பாகும். கண்டவுடன் மாற்றியாக வேண்டும். விட்டால் குழாய்க்குள் நீர் கோத்துக்கொள்ளும். உன் அலைவரிசைகளிலோ நீராவியே எதிரி. 557, 752 கிகாஹெர்ட்ஸ் போன்ற இடங்களில் வெறும் காற்றே விழுங்கிவிடும். நீ 300-ஐத் தேர்ந்தது சரி. 2017-இல் வந்த IEEE கம்பியில்லாத் தொடர்புத் தரநிலையும் 252 முதல் 325 கிகாஹெர்ட்ஸ் வரையே எடுத்துக்கொண்டது.

சில்லில் இழப்பு குறையவே இல்லையென்றால் வாய் விரிந்த உலோகக் குழாயான கொம்பு ஆன்டெனாவைத் தயங்காமல் எடு. உள்ளே வெறும் காற்று. சிலிக்கன் தொல்லை இல்லை. 1890களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் அலைவரை இறங்கியபோதும் கொம்பைத்தான் பயன்படுத்தினார்.

வில்லை, உலோகம், இணைப்பு என ஒவ்வொன்றிலும் கணக்குப்படி எத்தனை டெசிபெல் (இழப்பின் அளவு) போயிற்று என்று பட்டியலிட்டு, ஆய்வகத்தில் அளந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி அனுப்பு. இரண்டும் ஒத்துவராவிட்டாலும் அப்படியே அனுப்பு.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். விலாசம் மாறியிருந்தால் உடனே தெரியப்படுத்து.

அன்புடன்,
அப்பா