செப்பனிடுமுன் பிரதி எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் வெங்காயமும் மொத்தமாக விற்கும் கடையொன்றில் 22 ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருகிறேன். எங்கள் வியாபாரம் கடனில் நடப்பது. பதுளை, ஹற்றன், மட்டக்களப்பு, வவுனியாப் பக்கத்துக் கடைக்காரர்கள் இன்று மூட்டைகளை லொறியில் ஏற்றிப் போனால் அடுத்த மாதம்தான் பணம் வரும். யாருக்கு எவ்வளவு பற்று என்பது 2008 முதல் கணினியில் இருக்கிறது. அந்தக் கணக்கில் 343 வரிகள் ஒரே காலையில் காணாமற்போயின. என்னைப் போல் கணினியை நம்பிக் கணக்கெழுதும் மற்றவர்களுக்கும் இது நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டு. நிலுவைப் பில்களைப் பதிய நான் மட்டும் வந்திருந்தேன். முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று பிறகு அறிவித்தார்கள். எங்கள் யூ.பி.எஸ். பற்றரி செயலிழந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. பில்லைப் பதிந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிட்டது.

திங்கள் காலை பற்றுக் கணக்கைத் திறந்தால் 145 என்ற பிழை எண் வந்தது. அட்டவணை சிதைந்துவிட்டது, செப்பனிட வேண்டும் என்பது அதன் பொருள். மென்பொருளைப் பராமரிக்கும் இளைஞர் தொலைபேசியில் பேசிக்கொண்டே தம் இடத்திலிருந்து எங்கள் கணினிக்குள் நுழைந்தார். எங்கள் கணக்கு இருப்பது 'மைஎஸ்க்யூஎல்' என்ற தரவுத்தள மென்பொருளில். கறுப்புத் திரையில் அதன் அட்டவணைகளைச் சோதிக்கும் 'மைஎஸ்க்யூஎல்செக்' என்ற கட்டளையை, சிதைந்ததைத் தானாகவே செப்பனிடும் 'ஆட்டோ ரிப்பேர்' தெரிவோடு தட்டினார். நான்கு நிமிடம். கடைசி வரியில் 'ஓகே' என்று வந்தது. "எல்லாம் சரி அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். நானும் வேலையைத் தொடங்கினேன்.

மறுநாள் பதுளையிலிருந்து ஒரு கடைக்காரர் பணம் கட்ட வந்தார். திரையில் இருந்த தொகையைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "இல்லை பிள்ளை, எனக்கு இன்னும் இரண்டு பில் இருக்க வேண்டும். பெரிய வெங்காயம் எட்டு மூட்டை, மைசூர்ப் பருப்பு ஐந்து மூட்டை" என்றார். சட்டைப்பையிலிருந்து எங்கள் பில்லின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

என் தங்கையின் மகன், என் பெறாமகன், கணினி படிக்கிறான். அவனைக் கொட்டாஞ்சேனையிலிருந்து கடைக்கு அழைத்து வந்தேன். திங்கட்கிழமை ஓடிய கட்டளையின் விடைகள் அந்தக் கறுப்புச் சாளரத்தில் அப்படியே திறந்து கிடந்தன. 'ஓகே'க்கு மேலே ஒரு வரி. அதை அவன் விரலால் தொட்டுக் காட்டினான்: வரிகளின் எண்ணிக்கை 58,214 இலிருந்து 57,871 ஆக மாறியது. "பெரியம்மா, இது எச்சரிக்கை. யாரும் வாசிக்கவில்லை" என்றான்.

அவன் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். எங்கள் அட்டவணைகள் 'மைஐசாம்' என்ற பழைய வகை. ஒவ்வோர் அட்டவணையின் விபரமும் ஒரு கோப்பிலும் வரிகள் இன்னொரு கோப்பிலும், எந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டி (இன்டெக்ஸ்) மூன்றாவது கோப்பிலும் இருக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் வரிகளும் சுட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். செப்பனிடும் கட்டளை வரிக்கோப்பைப் படித்து, படிக்க முடிந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிட்டுச் சுட்டியைப் புதிதாகக் கட்டுகிறது. அட்டவணை திறக்கிறது, கூட்டல் கழித்தல் செய்கிறது. 'ஓகே' சொல்வது அவ்வளவுதான். உள்ளே இருந்தவை எல்லாம் இருக்கின்றன என்று அது சொல்லவில்லை. அழித்த வரிகளின் வெற்றிடத்தில் புதிய வரிகளைத் துண்டு துண்டாக நிரப்பும் வகை என்பதால், தொலைந்தவை அன்று காலை பதிந்தவையாக மட்டும் இருக்கவில்லை. டிசம்பர் மாத வரிகளும் அவற்றில் இருந்தன.

அந்த மூன்று கோப்புகளையும் முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தால், ஒருமுறை தவறினாலும் திரும்பவும் முயன்றிருக்கலாம். வரிக்கோப்பைத் தொடாமல் சுட்டியை மட்டும் சீராக்கும் 'குவிக்' என்ற தெரிவு இருக்கிறது. முதலில் அதை முயன்றிருக்கலாம். சரிவராவிட்டால் ஆழமான வழிகளுக்குப் போயிருக்கலாம். பிரதி எடுக்காமல் செப்பனிட்டதால் பழைய கோப்பு இப்போது உலகத்தில் எங்கும் இல்லை. தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு மூன்று கோப்புகளைப் பிரதி எடுக்க ஐந்து நிமிடம் போதும். எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் ஆறவில்லை.

அடுத்த 17 நாட்கள் பில் புத்தகங்களின் அடிக்கட்டைகளோடு கழிந்தன. நாட்டாமைமார் மூட்டை ஏற்றும்போது தரும் லொறிச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பல சீட்டுகளில் மழையில் மை கரைந்திருந்தது. 320 வரிகள் அடிக்கட்டைகளிலேயே கிடைத்தன. மீதிக்கு ஹற்றனுக்கும் மட்டக்களப்புக்கும் தொலைபேசி எடுத்தேன். தங்களுக்குச் சாதகமான பிழை என்று தெரிந்தும், தங்கள் பிரதியைத் தேடி எடுத்துத் தொகையை வாசித்துச் சொன்ன அந்தக் கடைக்காரர்களுக்கு இந்தப் பத்திரிகை வழியாக நன்றி சொல்ல விரும்புகிறேன். இன்னும் 4 வரிகள் கிடைக்கவில்லை.

இப்போது சனி இரவுகளில் நானே அந்த 'மைஎஸ்க்யூஎல்செக்' கட்டளையை ஓட்டுகிறேன். எந்தத் தெரிவும் தராமல் தட்டினால் அது சோதனை மட்டுமே செய்யும். எதையும் மாற்றாது. அட்டவணையைச் சோதிக்கும் நேரத்தில் வாசிக்கலாம், எழுத முடியாது. ஆகவே கடை மூடிய பிறகுதான் ஓட்ட வேண்டும். தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 'மைஐசாம்செக்' என்று இன்னொரு கருவி இருக்கிறது. அதற்கு நேர்மாறாக, தரவுத்தளத்தை நிறுத்திவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மேலும் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்று பெறாமகன் சொன்னான்.

2010ஆம் ஆண்டு வெளியான மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பு முதல் புதிய அட்டவணைகள் 'இன்னோடிபி' என்ற வகையிலேயே உருவாகின்றன. மின்சாரம் போய் வந்தால், மாற்றங்களை எழுதிவைக்கும் தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தானே சீராகிக்கொள்ளும் வகை அது. எங்கள் அட்டவணைகளை யாரும் அதற்கு மாற்றவில்லை. 15 ஆண்டுகள் பராமரிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறோம். ஏப்ரலில்தான் மாற்றினோம். ஆனால் இந்த வகையை அந்தச் செப்பனிடும் கட்டளையால் செப்பனிட முடியாது. சோதிக்க மட்டும் முடியும். ஆகவே இதற்கு ஒழுங்கான பிரதி இன்னும் அவசியம். முதல் பிரதியை வீட்டுக் கணினியில் திறந்தபோது வாடிக்கையாளரின் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக நின்றன. எழுத்துக் குறியீட்டைச் சரியாகக் குறிக்காமல் எடுத்திருந்தோம். திறந்து பார்த்திராவிட்டால் அதையும் பிரதி என்று நம்பியிருப்பேன்.

புறக்கோட்டையில் என்னைப் போன்ற கணக்கெழுதுபவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். மென்பொருள் விற்கிறவர்கள் எங்களுக்குத் தருவது ஆங்கிலத்தில் ஒரு விலைப்பட்டியலும் ஒரு தொலைபேசி எண்ணும். இரண்டு பக்கத் தமிழ்த் தாள் ஒன்றைச் சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்கிறேன்: பிரதி எங்கே இருக்கிறது, அதை எப்படித் திறந்து பார்ப்பது, சோதனை ஓட்டினால் திரையில் என்னென்ன வரும், எந்த வரியைக் கண்டால் கையை எடுத்துவிட்டு அழைக்க வேண்டும். உங்கள் பத்திரிகை அப்படியொரு பக்கத்தை வெளியிட்டால், வெட்டி எடுத்து எங்கள் மேசைக்கு மேல் ஒட்டிவைக்க நான் தயாராக இருக்கிறேன். என்னிடம் உள்ள குறிப்புகளையும் கேட்டால் அனுப்புகிறேன்.

கணக்கெழுதும் வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13