கோட்டுக்கு லைனிங் தைத்த ரோசாரியா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மகளிர் தினச் சிறப்பிதழில், நியூயார்க் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீ விபத்து பற்றிய கட்டுரை படித்தேன். 1911 மார்ச் 25 அன்று கதவு பூட்டிக் கிடந்ததால் வழி தெரியாமல் தவித்து 146 பேர் மாண்டதை மனம் பதறும்படி எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். இறந்தவர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த யூத, இத்தாலியப் பெண்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்கிறார். அந்த ஒரு வரியில்தான் எனக்குக் குறை. அவர்களைப் போலவே கப்பலேறி வந்து, அதே ஊரில் தைத்து, பிள்ளைகளை ஆளாக்கிய பெண்கள் பல்லாயிரம் பேர். அவர்கள் வாழ்க்கையில் விபத்து நடக்கவில்லை என்பதாலேயே யாரும் எழுதுவதில்லை. அப்படி ஒருவரைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் ரோசாரியா பால்டிசி. சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்துக்காரர். கணவர் பெயர் அடோல்ஃபோ. பீரோ, அலமாரி செய்யும் கைதேர்ந்த தச்சர். 1924இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் இத்தாலியர்களுக்கு ஆண்டுக்கு நாலாயிரத்துக்கும் குறைவான இடங்களையே ஒதுக்கியது. கதவு அப்படிச் சாத்தப்பட்டு வந்த காலத்தில், முறையான அனுமதி இல்லாமல் அடுத்தடுத்து வந்து சேர்ந்தவர்கள் இந்தத் தம்பதி. ஜோசஃபின், ஜானி என்று இரண்டு குழந்தைகள். 1928இல் நியூயார்க்கின் ஆர்ச்சர்டு தெரு 97ஆம் எண் கட்டடத்தில் குடியேறினார்கள். மூன்று சிறு அறைகள். எல்லாம் சேர்த்து 325 சதுர அடி இருக்கும். கழிப்பறை வெளியே நடையில், பக்கத்து வீட்டாரோடு பொது.

மறு ஆண்டே பங்குச் சந்தை சரிந்து நாடு முழுவதும் வேலை போயிற்று. நல்ல தச்சரான அடோல்ஃபோ கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சில்லறை வேலை தேடித் தெருத் தெருவாக அலைந்தார். அரசு நிவாரணத்தில் வந்த உணவில் அடுப்பு எரிந்தது. அப்போதுதான் ரோசாரியா ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கோட்டுகளுக்கு லைனிங் தைக்கும் வேலைக்குப் போனார்.

நானும் தையல்காரிதான். அதனால் இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். லைனிங் வேலையை எளிதென்று நினைப்பவர்கள் அதைத் தைத்துப் பார்த்ததில்லை. உள்துணி வழவழப்பானது, கைக்குள் நிற்காது. மேல்துணியை விடச் சற்றுத் தளர்வு விட்டு, முதுகில் ஒரு மடிப்பு வைத்துத் தைக்க வேண்டும். தளர்வு குறைந்தால் போட்டுக்கொள்பவர் கையை நீட்டும்போது கோட்டு முழுவதும் இழுக்கும். அதிகமானால் கீழே தொங்கும். கைக்குழியிலும் அடி ஓரத்திலும் தையல் வெளியே தெரியவே கூடாது. நன்றாகத் தைத்திருக்கிறோம் என்பதற்கு அடையாளமே, யாரும் அதைக் கவனிக்காமல் இருப்பதுதான். அந்த வேலையை ஷிஃப்ட் முழுக்கச் செய்துவிட்டு வந்து சமைத்து, துவைத்து, அந்தச் சின்ன வீட்டைப் பளபளவென்று வைத்திருந்தார் ரோசாரியா. சுத்தத்துக்காக வீட்டிலேயே அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வானொலியில் இத்தாலிய நாடகம் கேட்கும்போது, ஊரில் விட்டு வந்த உறவுகளை நினைத்து அழுவார் என்று மகள் ஜோசஃபின் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்று முடித்துவிடுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் குடும்பம் நின்றது அவர் வாங்கிய கூலியிலும்தான். தைத்ததை ஓய்வுநேரக் கைவேலை போல எழுதுவது அநியாயம் என்பேன். தெற்கு இத்தாலியிலிருந்து வந்த பெண்களுக்கு ஊசிவேலை பெரும்பாலும் சிறுவயதிலேயே பழகியது. ரோசாரியாவுக்கு முந்தைய தலைமுறையில் பலர் துணிக்கட்டுகளை வீட்டுக்கே எடுத்து வந்து, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். 1909இல் நியூயார்க் தையல் பெண்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தில் இத்தாலியப் பெண்கள் குறைவாகவே இருந்தார்கள். கூட்டங்களில் பேசிய மொழி அவர்களுக்குப் புரியாதது அதற்கு ஒரு காரணம். 1919இல் தங்கள் மொழியிலேயே நடந்த தையல்காரர் சங்கக் கிளை, 'லோக்கல் 89', வந்த பிறகு நிலைமை மாறியது. 1933 வேலைநிறுத்தத்துக்குப் பின் அதில் உறுப்பினர்கள் பல்லாயிரமாகப் பெருகினார்கள். வீட்டையே கட்டிக்கொண்டு கிடந்தவர்கள் செய்கிற காரியமா இது?

பால்டிசி குடும்பம் 1935இல் ஆர்ச்சர்டு தெருவை விட்டு வெளியேற நேர்ந்தது. மாடிப்படியைத் தீப்பிடிக்காதபடி மாற்றிக் கட்டச் சொன்னது சட்டம். அந்தச் செலவு செய்வதை விட வாடகைக்காரர்களை வெளியேற்றுவதே மேல் என்று நினைத்தார் கட்டட உரிமையாளர். மேல்மாடிகள் பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தன. 1988இல் தொடங்கப்பட்ட டெனமெண்ட் (நெருக்கடியான வாடகைக் குடியிருப்பு) அருங்காட்சியகம் இன்று அந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. ஜோசஃபின் தன் குழந்தைப்பருவ நினைவுகளைச் சொல்லிக் கொடுத்ததால்தான் பால்டிசி வீட்டின் சமையலறையை அங்கே மறுபடி அமைக்க முடிந்தது. பதிவுசெய்யப்பட்ட அவர் குரலை வருகிறவர்கள் கேட்கலாம். ரோசாரியாவைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி மகள் வாய்வழியாக வந்தது.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். டிரையாங்கிள் பற்றி எழுதிய அதே கையால் ஆர்ச்சர்டு தெரு வீட்டைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதுங்கள். அதில் ரோசாரியாவை நல்ல தாய் என்று சொல்வதற்கு முன் தையல் தொழிலாளி என்று சொல்லுங்கள்.

தங்கள் வாசகி,
ஈரோடு