பன்னிரண்டாம் நாள் எலிக்கருவில் சர்ஃபாக்டன்ட் கிடையாது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இன் சிட்டு படத்தை, அதாவது ஒரு மரபணு எங்கே இயங்குகிறது என்று சாயத்தால் காட்டும் படத்தைப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் எலிக்கரு, நுரையீரல் மொட்டின் நுனிகள் மட்டும் ஊதாவாகத் தெரிகின்றன, நடுக்குழாயில் சாயம் துளிகூட இல்லை. உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. ஆனால் கீழே "சர்ஃபாக்டன்ட் உற்பத்தி தொடங்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தயவுசெய்து எடுத்துவிடு. சர்ஃபாக்டன்ட் என்பது காற்றுப்பைகளின் ஈரப்பரப்பில் படலமாகப் பரவும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த கலவை.

நீ பார்த்தது எஸ்பி-சி என்ற சர்ஃபாக்டன்ட் புரதத்துக்கான மரபணுவின் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்வதற்கான நகல் மட்டும்தான், புரதம் அல்ல. அது எலியில் பத்து, பதினோராம் நாளிலேயே தலைகாட்டிவிடும், அப்போது காற்றுப்பை என்ற ஒன்றே கிடையாது. சர்ஃபாக்டன்டைச் சுரக்கும் இரண்டாம் வகை செல்களும் பிறக்கவில்லை. எம்ஆர்என்ஏவிலிருந்து முதலில் வருவது ஏறக்குறைய 200 அமினோ அமிலங்கள் கொண்ட முன்புரதம், அதை வெட்டி வெட்டி 35க்குக் கொண்டுவந்து, லேமெல்லர் பாடி என்கிற வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கான பொட்டலத்துக்குள் கொழுப்போடு சேர்த்து வைத்தால்தான் அது வேலைக்கு ஆகும். அந்தப் பொட்டலங்கள் எலியில் கர்ப்பத்தின் கடைசி சில நாட்களிலும், மனிதக் கருவில் ஏறக்குறைய 24வது வாரத்திலும்தான் கண்ணில் படும்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், நீ அடுத்து இதே மரபணுவை வைத்து க்ரீ எலி, அதாவது அந்த மரபணு இயங்கும் செல்களையும் அவற்றின் வாரிசுகளையும் நிறத்தால் அடையாளமிடும் எலி, செய்யப்போவதாகச் சொன்னாய். இந்த வயதில் நுனிச் செல்கள்தான் மூச்சுக்குழல் கிளைகளுக்கும் பின்னால் வரும் காற்றுப்பைகளுக்கும் தாய். இப்போதே க்ரீயை இயக்கினால் மூச்சுக்குழல் உள்தோலும் சேர்ந்து நிறமேறும். அப்புறம் "எஸ்பி-சி காற்றுப்பைக்கு மட்டும்தானே உரியது" என்று தலையைப் பிய்த்துக்கொள்வாய்.

எனக்கும் இப்படி ஒரு கூத்து நடந்தது. இன்னொரு சர்ஃபாக்டன்ட் புரதமான எஸ்பி-பியின் முன்புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி போட்டு ஸ்டெயின் செய்தபோது, சிறிய மூச்சுக்குழல்களின் உள்தோலில் உள்ள கிளப் செல்கள் என்ற வகையும் பழுப்பாக வந்தன. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் அதையே திட்டிக்கொண்டிருந்தேன். ஆன்டிபாடி மேல் தப்பே இல்லை, கிளப் செல்களும் எஸ்பி-பியைத் தயாரிக்கின்றன, ஆனால் முழுமையாக வெட்டி முடிப்பதில்லை. முதிர்ந்த எஸ்பி-பி இரண்டாம் வகை செல்லில்தான் கிடைக்கும்.

சர்ஃபாக்டன்ட் புரதங்களுக்கு ஏ, பி, சி, டி என்று வரிசையாகப் பெயர் வைத்ததே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பேன். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைக்கத் தோன்றுகிறது, இல்லையா? ஏயும் டியும் கொலெக்டின்கள் என்ற புரதக் குடும்பம், தண்ணீரில் கரையும், கிருமிகளைப் பிடித்துக்கொடுக்கும், மூச்சுப்பெருங்குழாயிலும் இருக்கும். ஏ இல்லாத எலி பிறந்து நன்றாகவே மூச்சுவிடுகிறது, தொற்று வந்தால்தான் திணறுகிறது. டி இல்லாவிட்டால் நுரையீரலில் கொழுப்பு தேங்கும். சி இல்லாத எலிகூடப் பிறந்ததும் பிழைத்துக்கொள்கிறது.

பி மட்டும் வேறு கதை. வெறும் 79 அமினோ அமிலம்தான், ஆனால் அது இல்லாத எலிக்குட்டி பிறந்த உடனே மூச்சுத் திணறிச் செத்துவிடும். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளிலும் இந்தக் குறை உயிரைப் பறிப்பதை 1993இல் கண்டார்கள். பி இல்லையென்றால் லேமெல்லர் பாடி ஒழுங்காக அமையாது, சியை வெட்டும் வேலையும் பாதியில் நின்றுவிடும். கொழுப்பைக் காற்றுப்பையின் ஈரப்பரப்பில் படலமாக விரிக்க பி வேண்டும், அந்தப் படலம்தான் 70 மில்லிநியூட்டன்/மீட்டர் அளவில் இருக்கவேண்டிய பரப்பு இழுவிசையை மூச்சை வெளியேவிடும்போது கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு இறக்குகிறது. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இது போதவில்லை என்று மேரி எலன் ஆவெரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டினார்கள். இன்று அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் பல, விலங்கு நுரையீரலிலிருந்து கரிமக் கரைப்பான் கொண்டு எடுத்தவை. அந்தக் கரைப்பானில் ஏயும் டியும் போய்விடும், பியும் சியும் கொழுப்போடு தங்கும். அதை வைத்தே நுரையீரல் விரிந்துவிடுகிறது.

சரி, படத்தின் கீழே "நுனிச் செல்களில் எஸ்பி-சி மரபணு இயங்குகிறது" என்று மட்டும் போடு. பதினெட்டாம் நாள் நுரையீரலை வெட்டும்போது முதிர்ந்த எஸ்பி-பியைப் பிடிக்கும் ஆன்டிபாடி போட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு. முன்புரதத்துக்கானது வேண்டாம், டப்பா மேல் ஒட்டியிருப்பதை இரண்டு தடவை படி.

அன்புடன்,
அண்ணன்